வாங்கில் ஓர் இடம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டை அடுத்து நடைபெற்ற ஒன்றுகூடலில், கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் ஒன்றியத்தைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவிகள் ஐவர் சேர்ந்து எழுதி, அவர்கள் சார்பில் ஒருவர் வாசித்த உரை.)



இன்று பேசுவதற்கு எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இன்றைய கிறிஸ்தவ மாணவியின் விசுவாசமும் அன்றாட வாழ்வும்’ என்பது. மாணவிகளே எழுத வேண்டும், ஆசிரியர்கள் திருத்தக்கூடாது என்று சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர் கூடி மூன்று நாளில் ஓர் உரையை எழுதி முடித்தோம். விசுவாசம் ஒரு விளக்கு, இளமை ஒரு விதை, கல்லூரி ஒரு தாய் என்று எல்லாம் அதில் இருந்தன. எங்கள் கிறிஸ்தவ பாட ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் முழுவதையும் வாசித்தார். “நல்ல கட்டுரை. சோதனையில எழுதினால் ‘ஏ’ தருவன். ஆனால் இதுக்குள்ள நீங்கள் எங்க இருக்கிறீங்கள்?” என்று கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும், எங்கள் நாட்டில் சமயம் சாதாரண தரத்தில் கட்டாய பாடம். எங்கள் ஐவருக்கும் கிறிஸ்தவ பாடத்தில் ‘ஏ’. அந்த ‘ஏ’யை எடுத்த கையால்தான் அந்தக் கட்டுரையையும் எழுதியிருக்கிறோம் என்று விளங்கியது. அதைக் கிழித்துவிட்டு, நடந்தவற்றை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தோம். இனி நாங்கள் வாசிக்கப்போவதில் பெருமைப்படத் தக்கவை அதிகம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்களைப் பற்றிச் சிறிது. மிசனரிமார் தொடங்கி, 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலைகளுள் எங்களுடையதும் ஒன்று. உங்களில் மூத்தவர்கள் படித்த காலத்தில் விடுதி நிறையக் கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இன்று எங்கள் தரத்தில் நாங்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவோம். அதற்குள்ளும் மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்திய திருச்சபை, கத்தோலிக்கம் என்று நான்கு விதம். சமய பாட நேரத்தில் வகுப்பு முழுவதும் சைவநெறிக்கு இருக்க, நாங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்தின் பின்னறைக்குப் போவோம். எங்களோடு ஒரு முஸ்லிம் மாணவியும் எழும்பி வருவாள். அவளுக்கு இஸ்லாம் படிப்பிக்க வாரத்துக்கு ஒருமுறைதான் ஆசிரியர் வருவார். மற்ற நாட்களில் அவள் எங்கள் அறையின் கடைசியில் இருந்து தன் பாட்டில் படிப்பாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்ல இருக்கிறது.

எங்கள் விசுவாசம் முதலில் இடறுப்படுவது ஞாயிற்றுக்கிழமை காலையில். உங்கள் காலத்தில் ஞாயிறு என்றால் ஓய்வுநாட் பாடசாலை, ஆராதனை, மத்தியானம் இறைச்சிக் கறி. எங்களுக்கு ஞாயிறு காலை ஏழரைக்குப் பௌதிகவியல் ரியூஷன், பத்தரைக்கு இரசாயனவியல். இடையில் இருக்கும் அரைமணி நேரத்தில் சைக்கிளை மிதித்து ஆலயத்துக்குப் போனால் பிரசங்கத்தின் நடுப்பகுதி கிடைக்கும். கடைசி வரிசையில் இருந்துவிட்டு, காணிக்கைப் பாட்டு நேரத்தில் எழும்பி வருவோம். ஆலயத்தில் உள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரியூஷனில் பிந்திப் போனால் அங்கேயும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களில் ஒருத்தி, “நான் கிழமையில ஒரு நாள் ரெண்டு இடத்திலயும் பாவியா இருக்கிறன்” என்று சொல்லுவாள். இசற் புள்ளி எங்களுக்காகக் காத்திருக்காது. மருத்துவத்துக்கு மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது. ஆண்டவர் காத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைப்பது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

போனிலும் எங்களுக்குச் சமயம் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமிமார் தங்கள் காலையில் பூப்படத்தோடு வசனம் அனுப்புவார்கள். இங்கே அப்போது மாலை. நாங்கள் கணக்குச் செய்துகொண்டிருப்போம். கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவோம். மாமிமார் மன்னிக்க வேண்டும். வசனத்தை வாசிக்காமலே கைகூப்பியிருக்கிறோம்.

அடுத்தது ஜெபமும் சோதனையும். உண்மையைச் சொன்னால், நாங்கள் மனமுருகி ஜெபிப்பது சோதனைக்கு முந்திய கிழமையில்தான். எங்கள் சைவத் தோழிகள் நேர்த்தி வைப்பார்கள். நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்து, பேனையை வைத்து எடுத்து வருவார்கள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. ஆனால் எங்கள் ஜெபத்தையும் நின்று பார்த்தால் அது பேனை வைத்து எடுப்பதுதான். ‘இதைத் தந்தால் அதைச் செய்வேன்’ என்ற பேரம்தான்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று அந்தப் பேரம் உடைந்தது. எங்களோடு ஆறாம் தரத்திலிருந்து ஒன்றாகப் படித்த ஒருத்திக்குக் கணிதம் தவறிவிட்டது. எங்களில் அதிகம் ஜெபிப்பவள் அவள். 2022இல் மின்சாரம் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை நின்ற நாட்களிலும், மண்ணெண்ணெய் கிடைக்காமல் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தவள். அவளும் நாங்களும் ஒரே அறையில் ஒரே ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போனோம். எங்களுக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. ‘ஜெபம் கேட்கப்பட்டது’ என்று நாங்கள் சாட்சி சொன்னால், அவளுடைய ஜெபம் என்னவாயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் நாங்கள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று கிழமை போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாது என்பதுதான் காரணம். நாங்கள் எங்கள் உயர்தர வகுப்புக்குப் புதுப் புத்தகம் வாங்கினோம். அவள் வீடு ஆலயத்திலிருந்து இரண்டாவது ஒழுங்கை.

இந்த இடத்தில் எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால், பதில் வராத ஜெபத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தவர்களில் அதிகம் அறிந்தவர் அவர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அவர் தன் இளைய மகனைக் கடைசியாகக் கண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அந்த மாமாவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். நத்தார் அன்று மேசையில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பார். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அவரே அதைக் கழுவி வைப்பார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கியபோது, அம்மம்மாவும் போனார். பஸ்ஸில் போய் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருந்துவிட்டார். ஆலயத்துக்கு வராமல் விட்டது அவருக்கு அதுதான் முதல்முறை. பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மா. அவருடைய மடியிலும் ஒரு படம், இவருடைய மடியிலும் ஒரு படம். ஒருவருடைய பிளாஸ்கிலிருந்து மற்றவர் தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். அந்த அம்மா பதில் ஒன்றும் கிடைக்காமலே பிறகு இறந்துபோனார். அம்மம்மா செத்தவீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தார்.

பெறுபேறு வந்த கிழமையில் எங்கள் தோழி அம்மம்மாவிடம் கேட்டாள். “அம்மம்மா, இவ்வளவு வருசமா கேக்கிறீங்கள். ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரோ?”

அம்மம்மா உடனே பதில் சொல்லவில்லை. அரிசி பிடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்குத் தெரியாது பிள்ளை. ஒருத்தரும் பக்கத்தில இல்லாமல் இருந்திருந்தால் நான் எப்பவோ விட்டிருப்பன். அந்தக் கொட்டிலுக்க நான் தனிய இருக்கேல்லை. அது மட்டும் தெரியும்” என்றார்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு முழுவதும் விளங்கியது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த நாள் பின்னேரம் ஐந்து பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கணிதம் தவறிய தோழியின் வீட்டுக்குப் போனோம். போகும்போது ஒருவரும் ஒன்றும் ஆயத்தப்படுத்தவில்லை. விறாந்தையில் அவளுடைய அம்மா மிளகாய்த்தூள் பைக்கற்றில் அடைத்துக்கொண்டிருந்தார், விற்பனைக்கு. நாங்களும் இருந்து அடைத்தோம். எல்லோரும் தும்மினோம். அவள் அறைக்குள் இருந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்து, “நீங்கள் ஒட்டுறது சரியில்லை, காத்துப் போகும்” என்று சொல்லி எங்கள் கையிலிருந்து பைக்கற்றை வாங்கினாள். அன்று அவ்வளவுதான். கணிதத்தை அவள் இரண்டாம் முறை எழுதியிருக்கிறாள். பெறுபேறு எப்படி இருந்தாலும் நாங்கள் வரும் நாள் மாறாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

யோபுவின் நண்பர்களைப் பற்றி ரீச்சர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யோபு எல்லாவற்றையும் இழந்தபோது அவருடைய மூன்று நண்பர்கள் வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள். அதன்பின் வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள்; கடைசியில் கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டது அந்த விளக்கங்களுக்காகத்தான். கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் சீடர்களிடம் கேட்டதும் ஒரு விளக்கத்தை அல்ல. தம்மோடு விழித்திருக்கும்படிதான் கேட்டார். அவர்கள் நித்திரையாகிவிட்டார்கள்.

நாங்கள் அதைவிடக் கூடாத ஒன்றைச் செய்தவர்கள். இந்த உரையை எழுதத் தொடங்கியபின் எங்களுக்குள் ஒருத்தி மெதுவாக, “அப்ப ஆறாந்தரத்தில நாங்கள் செய்தது?” என்று கேட்டாள். மற்ற நால்வருக்கும் என்ன என்று கேட்கத் தேவைப்படவில்லை. ஐந்து பேரும் அதை நினைவில் வைத்திருந்தோம். ஐந்து பேரும் மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்களுக்குப் பதினொரு வயது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பில் ஹோட்டல்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோன் ஆலயத்தில் ஓய்வுநாட் பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். எங்கள் வயதுப் பிள்ளைகள். எங்களைப் போலவே புதுச் சட்டை போட்டு வந்தவர்கள். அடுத்த பல ஞாயிறுகள் எங்கள் வீடுகளில் ஆலயத்துக்கு விடவில்லை. கதவு அடித்தாலே பயம்.

மே மாதத்தில் பாடசாலை மீண்டும் தொடங்கியபோது வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் முஸ்லிம் தோழியின் பையை மற்றவர்களுடையதைவிட நெடுநேரம் பார்த்தார்கள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்தார்கள். உள்ளே இடியப்பம்.

மாமரத்தின் கீழே இருக்கும் நீள வாங்கு உங்களில் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும். இடைவேளைக்கு நாங்கள் ஆறு பேரும் அதில் இருந்துதான் சாப்பிடுவோம். அன்று ஐந்து பேர் முதலில் போய்விட்டோம். அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஆறாவது இடத்தில் எங்கள் பைகள் இருந்தன. ஒருத்தி வைத்தாள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருத்தியும் எடுக்கவில்லை. யார் வைத்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஐந்து பேரும் வைத்தோம் என்பதே சரி. அவள் பைகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், திரும்பி வகுப்புக்குப் போனாள். அந்தத் தவணை முழுவதும் அவள் வகுப்புக்குள் இருந்து தனியாகச் சாப்பிட்டாள்.

அதே தவணைப் பரீட்சையில் எங்களுக்குக் கிறிஸ்தவ பாடத்தில் ஒரு கேள்வி வந்தது. நல்ல சமாரியன் உவமையிலிருந்து நாம் கற்கும் பாடங்கள் ஐந்தை எழுதுக. ஐந்தையும் எழுதினோம். அயலவன் என்பவன் நம் இனத்தான் மட்டுமல்லன் என்பதை முதலாவதாக எழுதினோம். முழுப் புள்ளி கிடைத்தது.

அதன்பின் ஒன்றும் நடக்காதது போல எல்லாம் வழமைக்கு வந்தது. அடுத்த தவணையில் பைகள் இல்லை, அவள் வந்து இருந்தாள். கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு எங்களில் இருவருக்குப் போன் இருக்கவில்லை. அவள்தான் நோட்சைக் கையால் எழுதி அனுப்பினாள். நாங்கள் அதைப் பார்த்து எழுதினோம். அந்த வாங்கைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டதை மன்னிப்பு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதை ரீச்சரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. எங்களை நூலகத்துக்கு அனுப்பினார். நூறு வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் வாங்கு என்றால் என்ன என்று தேடிப் படிக்கச் சொன்னார். படித்தோம். அந்த நாட்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பல பாடசாலைகளில் வாங்கில் இருக்க விடவில்லை. நிலத்தில் இருந்தார்கள், அல்லது வகுப்புக்கு வெளியே இருந்தார்கள். மிசன் பாடசாலைகளும் எல்லா இடத்திலும் இதை எதிர்த்து நிற்கவில்லை. பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று பயந்து விட்டுக்கொடுத்த இடங்கள் உண்டு. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதை எதிர்த்தது. அதன் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் ஒரு கிறிஸ்தவர். அவரோடு நின்றவர்களில் சைவர்கள் பலர். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் அவர்கள்தான். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1920களின் இறுதியில் கட்டளை வந்தபோது, இங்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதற்கு எதிராகப் பெரியவர்கள் திரண்டிருக்கிறார்கள்.

எங்கள் பழைய மாணவிகள் சங்கம் பிறந்ததும் அந்த வருடங்களில்தான். சங்கத்தின் முதல் அங்கத்தவர்கள் வாங்கில் இருந்தபோது நிலத்தில் இருந்தவர்கள் யார் என்று நாங்கள் இதற்கு முன் யோசித்ததில்லை. அது பழைய காலம் என்று சொல்லித் தப்பவும் முடியவில்லை. சாதி பார்ப்பதில்லை என்று சொல்லும் எங்கள் வீடுகளிலேயே, ஒரு புதுத் தோழியைக் கூட்டிப்போனால், அவள் போனபிறகு குசினியில், “அவை ஆர் ஆக்கள்?” என்ற கேள்வி இன்றும் வருகிறது. ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து திருவிருந்து எடுக்கும் வீடுகளிலும் வருகிறது. நூறு வருடத்துக்கு முந்திய வாங்கும் எங்கள் மாமரத்தடி வாங்கும் ஒரே தச்சன் செய்தவை போல இருந்தன.

அதன்பின் நாங்கள் அவளிடம் போனோம். ஐந்து பேரும் ஒன்றாகப் போனால் பயந்துவிடுவாள் என்று ஒருத்தி சொன்னாள். தனித்தனியே போனால் நடித்துவிடுவோம் என்று இன்னொருத்தி சொன்னாள். கடைசியில் ஒன்றாகவே போனோம். சமய பாட நேரத்தில், நூலகத்தின் பின்னறையில், அவள் இருக்கும் கடைசி மேசையில். ஆறாம் தரத்தில் வாங்கில் பை வைத்தது நாங்கள் என்று சொன்னோம்.

அவள் புத்தகத்தை மூடினாள். “எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு ஞாபகம் இல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமா இருந்தது” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் இன்னொன்றும் சொன்னாள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, அவளுடைய உம்மம்மாவும் ஒரு பையோடு போனவர். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் அவர்கள். அன்று வீட்டுக்குப் போய் வாங்கைப் பற்றிச் சொன்னபோது உம்மம்மா, “அண்டைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வாசல்ல நிண்டு பார்த்துக்கொண்டுதான் நிண்டவை” என்று மட்டும் சொன்னாராம். அதன்பின் அவளுக்கு ஒவ்வொரு நாளும் இடியப்பத்தை இரண்டு பேருக்குப் போதுமான அளவில் கட்டிக்கொடுத்தாராம். யாராவது வந்து பக்கத்தில் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று.

அந்தத் தவணை முழுவதும் அவள் அந்த இரண்டாவது பங்கைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள்.

எங்களால் அழாமல் இருக்க முடியவில்லை. அவள் அழவில்லை. “சரி, இனி மணி அடிக்கப்போகுது” என்றாள். மன்னித்துவிட்டாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்பது எங்கள் மனச்சுமையை அவள் தலையில் வைப்பது என்று எங்களுக்குத் தோன்றியது. இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று மட்டும் கேட்டோம். ஒரு நாள் யோசித்துவிட்டு, “சொல்லுங்கோ, ஆனா என்ரை பேரைச் சொல்லாதேங்கோ. பாவப்பட்ட பிள்ளை மாதிரியும் சொல்லாதேங்கோ” என்றாள். அவள் பாவப்பட்ட பிள்ளை இல்லை. எங்கள் எல்லோரையும்விட இரசாயனவியலில் கூடப் புள்ளி எடுப்பவள்.

எங்களுக்குக் கொடுத்த தலைப்புக்கு இப்போது வருகிறோம். விசுவாசமும் அன்றாட வாழ்வும் இரண்டு வேறு விடயங்கள், அவற்றை எப்படி இணைப்பது என்பதுதான் கேள்வி என்று நாங்கள் முதலில் நினைத்தோம். கிழித்த கட்டுரை அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் எங்கள் விசுவாசம் உண்மையில் என்ன என்பது நாங்கள் ஜெபித்த அறையில் தெரியவில்லை. இடைவேளையில், கால்மணி நேரத்தில், ஒரு வாங்கில் தெரிந்துவிட்டது. கடவுள் மனிதரோடு வந்து இருந்தார் என்பதுதான் நாங்கள் ஒவ்வொரு நத்தாருக்கும் பாடுவது. அவருடைய பெயரைச் சொல்கிறவர்கள் செய்யக்கூடிய குறைந்தபட்சம், இன்னொருவர் வந்து இருக்க இடம் விடுவது. அதைத்தான் நாங்கள் செய்யாமல் விட்டோம்.

எங்களுக்கு இன்னும் பல கேள்விகள் இருக்கின்றன. அம்மம்மாவின் ஜெபத்துக்கு ஏன் பதில் இல்லை என்று தெரியாது. சீயோன் ஆலயத்துப் பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போது ஒரு விளக்கமும் போதாது. ஞாயிறு காலை எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் சண்டை நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின் நல்ல கிறிஸ்தவர்களாக வாழத் தொடங்கலாம் என்று இருந்தால், எங்கள் பள்ளிக்காலம் முடிந்துவிடும். விடை தெரியாமலே பக்கத்தில் போய் இருக்கலாம் என்பதைத்தான் அம்மம்மா எங்களுக்குக் காட்டினார். உம்மம்மா தெரியாதவர்களுக்காக இடியப்பம் கட்டினார். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கண்டிருந்தால் கதைக்க நிறைய இருந்திருக்கும்.

இப்போது நாங்கள் செய்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மாமரத்தடியில் பைகளை நிலத்தில் வைக்கிறோம். புதிதாகப் பாடசாலை மாறி வந்த பிள்ளை தனியாக நின்றால் ஒருத்தி எழும்பிப் போய்க் கூட்டி வருவது என்று பேசி வைத்திருக்கிறோம். சில நாட்களில் அதையும் மறந்துவிடுகிறோம்.

அக்காமாரே, அன்ரிமாரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எங்களுக்கு ஆய்வுகூடம் தந்திருக்கிறீர்கள், புலமைப்பரிசில் தருகிறீர்கள். அதற்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள். ஆனால் உங்கள் பேச்சுகளில் எப்போதும் உங்கள் வெற்றிகளையே கேட்டிருக்கிறோம். நீங்களும் இந்த வாங்கில் ஒரு நாள் பை வைத்திருக்கலாம். அல்லது உங்களுக்கு இடமில்லாமல் யாராவது வைத்திருக்கலாம். அதையும் எங்களுக்குச் சொல்லுங்கள். பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு, தான் மட்டும்தான் இப்படி என்று நினைப்பதைவிடப் பெரிய பாரம் இல்லை. இந்த மலர் உலகத்தின் எந்த மூலைக்கு வந்து சேர்ந்தாலும், அதை வாசித்து முடித்தபின் உங்கள் பழைய வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நீங்கள் ஒரு நாளும் அருகே போய் இராத ஒரு முகம் இருந்தால், அவருக்கு ஒருமுறை போன் எடுங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாங்களும் தெரியாமல்தான் போனோம்.

இந்த ஒன்றுகூடல் முடிந்ததும் மாமரத்தடியில் தேத்தண்ணி இருக்கிறது. வடையும் இருக்கிறது, இடியப்பமும் இருக்கிறது. அதை யார் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று சொல்லமாட்டோம், வாக்குக் கொடுத்திருக்கிறோம். எல்லோரும் வந்து இருங்கள்.